மில் சிவக்கொழுந்தும் ஆறாம் திருவிழாவும்

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கஜந்தினி செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்துச் சீலைப்பையில் கட்டிக்கொண்டு சிவக்கொழுந்து அம்மாவின் மில்லுக்குப் போனாள். சிவக்கொழுந்து பையைத் தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்தார். பிறகு கஜந்தினியைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, அரைக்கிலோ?"

"காணும் அன்ரி, இவ்வளவு போதும்."

வழக்கமாக இரண்டு கிலோ கொண்டுவருகிறவள்தானே என்று சிவக்கொழுந்து கேட்டார். கூட அரைத்து வைத்தால் வண்டு பிடிக்கும் என்று கஜந்தினி சொன்னாள். சிவக்கொழுந்து ஒரு மிளகாயை எடுத்து முறித்து மணந்து பார்த்துவிட்டு, இப்படி வறுத்த சரக்கில் வண்டு பிடிக்காது, வேறு காரணம் இருந்தால் சொல்லலாம் என்றார். இதையெல்லாம் அவர் கத்தித்தான் சொன்னார். மில் ஓடும்போது அங்கே எல்லோரும் கத்துவார்கள். கஜந்தினியோ தான் பிறந்து விழுந்த அன்றைக்குத் தவிர மற்ற எந்த நாளிலும் கத்தியதாக அவளுடைய வீட்டாருக்கு ஞாபகமில்லை. வரிசையில் பின்னால் நின்ற மூன்று பேரும் ஒரு அடி முன்னுக்கு வந்தார்கள்.

"ரெண்டு பேருக்கு அரைக்கிலோ ஒரு மாசத்துக்கும் வராது" என்றார் சிவக்கொழுந்து.

கஜந்தினி தராசுக்கு மேலாகக் குனிந்தாள். "ஒரு ஆளுக்குக் காணும்."

சிவக்கொழுந்து பையைத் தராசிலிருந்து இறக்கினார். புருசனுக்குத் தெரியுமோ என்று கேட்டார். இன்னும் சொல்லவில்லை என்றாள். தாய்க்கு? போன வருஷமே சொன்னேன், பலனில்லை என்றாள்.

"அப்ப முதல் அவனிட்டைச் சொல்லு. பிறகு ரெண்டு பேருமா ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ. என்ரை மில்லிலை வைச்சுச் சொன்னால் ஊர் முழுக்க அறிஞ்சு, கடைசியாத்தான் புருசனுக்குத் தெரியவரும்."

அதற்குப் பிறகு, நைசாக அரைப்பதா கரடாக அரைப்பதா என்று கேட்டார். அவ்வளவுதான் கதை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் என்று அவர் சொன்னது இணக்கசபையை. நீதிமன்றத்துக்குப் போகுமுன் சண்டைக்காரர் இரு பகுதியும் வந்து, மூன்று மத்தியஸ்தருக்கு முன்னால் கதைத்துத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று அரசாங்கம் ஏற்படுத்திய சபை அது. அச்சுவேலிப் பக்கத்துச் சிறிய பள்ளிக்கூடம் ஒன்றில் கூடும். சிவக்கொழுந்து அங்கே முதன்முதலாகப் போனது மத்தியஸ்தராக அல்ல. எதிராளியாக. மில்லிலிருந்து பறக்கும் மிளகாய்த் தூளால் தன் வீட்டில் சாமிக்குத் தீபம் காட்டும்போதெல்லாம் தும்மல் வருகிறது, தீபம் அணைகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்திருந்தார். இரண்டு மணித்தியாலம் கதைத்த முடிவில், தூள் அரைக்கும் நேரத்தைச் சிவக்கொழுந்து மாற்றுவது, பூசை நேரத்தை அவர் மாற்றுவது என்று இருவருமே ஒரு தீர்வுக்கு வந்து, அது எப்படிச் சரிவரும் என்று இடையில் புகுந்த மத்தியஸ்தரை இருவருமாகச் சேர்ந்து ஏசினார்கள். சபையின் தவிசாளர் அடுத்த மாதமே மத்தியஸ்தராவதற்கான விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுபோய் மில்லில் கொடுத்தார்.

சிவக்கொழுந்து ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவந்தார். அது இன்றைக்கும் மில்லில் தொங்குகிறது. தூள் படிந்து படிந்து அதிலே 'சிவ' என்பது மட்டும்தான் தெரியும். பயிற்சியில், நல்ல குடும்ப வாழ்வுக்கு அடிப்படை என்ன என்று ஒருவர் கேட்டாராம். மற்றவர்கள் விட்டுக்கொடுத்தல், நம்பிக்கை என்றெல்லாம் சொன்னார்கள். சிவக்கொழுந்து, "பத்துக் குதிரைவலு மோட்டர்" என்றாராம். அவரும் கணவர் கேதீஸ்வரனும் முப்பத்தொரு வருஷமாக ஒரே மில்லில் நிற்கிறார்கள். இவர் தராசில், அவர் மோட்டரில். பகல் முழுவதும் கைச்சாடைதான். மோட்டர் நிற்கும்போது இருவருக்கும் களைத்துவிடும். சண்டை பிடிக்க நேரம் கிடைக்கவில்லை என்பதைத் தவிர தங்களிடம் வேறு விசேஷமில்லை என்று அவர் எல்லோருக்கும் சொல்வார்.

கஜந்தினியின் வீட்டுப் பிரச்சினை வேறு விதமான சத்தம். அவளுடைய கணவன் லோஜன் கொடிகாமத்துப் பெடியன். சவுண்ட் சேர்விஸ் வைத்திருப்பவன். திருவிழா, கலியாணம், செத்தவீடு எதுவானாலும் ஒலிபெருக்கியும் வெளிச்சமும் அவன்தான். கலியாணத்தன்று தன் கலியாணத்துக்கும் தானே ஒலிபெருக்கி கட்டினான். மைக் இரைகிறது என்று மணவறையிலிருந்து இரண்டு தரம் எழும்பிப் போனான். அன்றைக்கே கஜந்தினிக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் பட்டுச்சேலையின் பாரத்தில் வேறொன்றையும் யோசிக்கவில்லை.

அவன் கெட்டவனில்லை. குடியில்லை, கை நீட்டுவதில்லை. சீதனமாகக் கிடைத்த வீட்டின் விறாந்தையில் பதினான்கு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தான். வருகிறவர்கள் அவற்றின் மேல்தான் இருப்பார்கள். ஐயாயிரம் பேருக்கு முன்னால் கணீரென்று கதைப்பவன், வீட்டுக்கு வந்தால் வயர் சுற்றுவான், சோல்டர் பண்ணுவான், படுப்பான். திருவிழாக் காலத்தில் கோயில் அன்னதானத்திலேயே மூன்று நேரச் சாப்பாடும் முடிந்துவிடும். பிரதேச செயலகத்தில் ஆங்கிலச் சுற்றறிக்கைகளைத் தமிழில் எழுதும் கஜந்தினி, ஒரு நாள் முழுவதும் ஒருவரோடும் கதைக்காமல் வேலைசெய்துவிட்டு வந்து, வீட்டிலும் அப்படியே இருந்தாள். ஐந்து வருஷம். பிள்ளையில்லை. சண்டையுமில்லை. சண்டை பிடிப்பதற்கு முதலில் கதைக்க வேண்டுமே.

பிரிகிறோம் என்று அவள் சொன்னபோது லோஜன் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தான். "சரி" என்றான். இந்த ஒரு சொல்லைக் கேட்கவா ஒரு வருஷம் வாய் திறக்கப் பயந்திருந்தேன் என்று அவளுக்கு இருந்தது.

ஆனால் நாள் குறைவாக இருந்தது. அவளுடைய ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஆறாம் திருவிழா, அதாவது கொடியேறிய ஆறாம் நாள், அவளுடைய தகப்பன் வழி உபயம். அந்த நாளின் செலவும் சிறப்பும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது நாலு தலைமுறைப் பேச்சு. தகப்பன் இல்லை, சகோதரன் இல்லை. ஆகவே மருமகன் லோஜன் தலையில் பரிவட்டம் கட்டி, விரலில் தர்ப்பை போட்டு, பக்கத்தில் கஜந்தினியை நிறுத்தி, ஐயர் சங்கற்பம் சொல்ல நிற்பான். பத்து நிமிஷம். முழு ஊரும் போன் நீட்டிப் படமெடுக்கிற பத்து நிமிஷம். போன வருஷம், பிரியப் போகிறேன் என்று தாய்க்குச் சொல்லி இரண்டு கிழமையில் அந்தத் திருவிழா வந்தது. நின்றாள். படம் வந்தது. படத்தில் நல்லாயிருந்தார்கள். பிள்ளையாரே பார்த்துச் சரிப்படுத்திவிட்டார் என்று தாய் தேங்காய் உடைத்தார். அதோடு ஒரு வருஷம் போயிற்று. இந்த வருஷம் கொடியேறுமுன் பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்து விழாவிட்டால் மறுபடி நிற்கவேண்டும், மறுபடி படம் வரும், மறுபடி தேங்காய். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்: கொடிக்கு முதல் கையெழுத்து.

ஆனி மாதம், சபை அவர்களைக் கூப்பிட்டது. ஆண்டு ஒன்று வகுப்பறை. ஆறு வயதுப் பிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் நாடியைத் தொட எல்லோரும் இருந்தார்கள். சிவக்கொழுந்தோடு இன்னும் இரண்டு மத்தியஸ்தர். ஒருவர் ஓய்வுபெற்ற கிராம அலுவலர் மார்க்கண்டு. கலியாணம் என்பது ஆயிரங்காலத்துப் பயிர் என்று தொடங்குவார், அதிலிருந்து அவரை இறக்குவது கஷ்டம். மற்றவர் ஒரு முன்னாள் தபாலதிபர். கண்ணைத் திறந்தபடி நித்திரை கொள்ளும் வரம் பெற்றவர்.

விவாகரத்தை நீதிமன்றம்தான் தரவேண்டும், அது தன் பாட்டுக்கு நடக்கும் என்று சிவக்கொழுந்து முதலிலேயே சொன்னார். இங்கே செய்யக்கூடியது, யார் எங்கே இருப்பது, எது யாருக்கு என்று இருவரும் ஒத்துக்கொள்வதை எழுதுவது. அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. வீடு, கிணறு, பலா இரண்டு அவளுக்கு. சீதனம், அதில் கதையே இல்லை. பெட்டிகளோடு லோஜன் கொடிகாமத்துக்குத் தாய்வீடு போவான். ஆட்டுக்குட்டியை அவள் வைத்துக்கொள்வாள், அதற்கு அவனைப் பிடிக்காது. மார்க்கண்டருக்கு இவ்வளவு விரைவாக ஒரு குடும்பம் பிரிவது மரியாதைக்குறைவாகப் பட்டது.

"வேறை ஏதும் இருக்கோ?" என்று சிவக்கொழுந்து கேட்டார்.

"ஆறாந் திருவிழா" என்றான் லோஜன். "அது எனக்கு வேணும்."

அந்த ஒன்றில் எல்லாம் நின்றது. அது எங்கள் குடும்பத்தினது, தருவதற்கில்லை என்றாள் கஜந்தினி. தாய் சொல்லிவிட்ட வசனம் அது. தாயின் தமையன் நாகலிங்கம், கோயில் பரிபாலன சபைத் தலைவர், அதை இன்னும் உரத்துச் சொல்லியிருந்தார். வீட்டை விட்டவன், காணியைக் கேளாதவன், ஒரு நாளை விடமாட்டேன் என்கிறான். அடுத்த ஞாயிறும் அதே கதை. அவனுக்கு வேறு பெண் இருந்தால் அழலாம், ஏசலாம். ஒரு திருவிழாவோடு போட்டி போட்டுத் தோற்றவள் என்று தன்னைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் ஞாயிறு வந்தபோது கொடிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

அன்று சிவக்கொழுந்து தன் வழக்கமான வேலையைத் தொடங்கினார். அவர் ஒருவரிடமும் ஏன் என்று கேட்பதில்லை. ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் நல்ல நல்ல காரணம் இருக்கும், அதுகளை வைத்து ஒன்றும் செய்யேலாது என்பார். நேரம்தான் கேட்பார். ஆறாம் திருவிழாவன்று விடிய எழும்புவது தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். இடது காது மில்லோடு போய்விட்டதால் ஒவ்வொன்றையும் இரண்டாந்தரமும் சொல்லவேண்டியிருந்தது. இரண்டாந்தரம் சொல்லும்போது யாருக்குமே நடிக்க ஏலாமல் போய்விடும்.

கஜந்தினி சொன்னாள். விடிய நாலு மணிக்கு மா குழைப்பது. முந்நூறு மோதகம். அவல், கடலை, பஞ்சாமிர்தம். பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள், சேலை மாற்றி ஓடிப்போய் பத்து நிமிஷம் நிற்பது. திரும்பி வந்து பின்னேரத்துக்கு வடை. சுவாமி வெளிவீதி வந்ததை எத்தனை வருஷம் பார்த்தாய் என்று சிவக்கொழுந்து கேட்டார். ஒரு வருஷமும் பார்க்கவில்லை. புகைக்குள்ளே நின்று சங்கு ஊதுவதைக் கேட்பதோடு சரி.

"அப்ப அந்த நாள் உனக்கு வேணுமோ?"

கஜந்தினி வாயைத் திறந்தாள். தாயின் வசனம் வரவில்லை. "இல்லை" என்றாள். இரண்டாந்தரம் சொல்லச் சொன்னார். இரண்டாந்தரம் அவள் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

பிறகு லோஜனின் முறை. அவனும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஜெனரேட்டர், டீசல், வயர், மைக். சுவாமி வரும்போது அவனும் கோயிலுக்குப் பின்னால் ஜெனரேட்டரோடுதான் நிற்பான். அப்ப உனக்கு மட்டும் என்னத்துக்கு என்று சிவக்கொழுந்து கேட்கவில்லை. பதினொரு மணிக்கு என்ன நடக்கும் என்றுதான் கேட்டார். அவன் கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தான். கதிரையும் அவனோடு எழும்பியது. திரும்ப இருந்தான்.

"பரிவட்டம் கட்டுவினம்" என்றான். "மற்ற எல்லாக் கோயிலிலையும் நான் வயர் இழுக்கிறவன் அன்ரி. தள்ளி நில்லு, அங்காலை போ எண்டுதான் கதைப்பினம். இந்தக் கோயிலிலை அந்த ஒரு நாள், எனக்கு வழி விடுவினம்."

தபாலதிபர் முழித்துக்கொண்டார்.

"உதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை" என்றாள் கஜந்தினி.

"நீர் கேக்கேல்லை."

"ஓம். நான் கேக்கேல்லை."

மார்க்கண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தீர்களா, இதுகள் கதைக்குதுகள், இனிப் பிரச்சினையில்லை, சேர்த்து விடுவோம் என்று படிவத்தைத் தேடத் தொடங்கினார். கஜந்தினிக்குப் போன வருஷத்துத் தேங்காய்ச் சத்தம் காதில் கேட்டது.

"சும்மா இரும் மார்க்கண்டர்" என்றார் சிவக்கொழுந்து. "அஞ்சு வருசத்திலை ஒருக்காக் கதைச்சிருக்குதுகள். அதுக்காக இன்னும் அஞ்சு வருசம் சேந்திருக்கச் சொல்லுறீரோ?"

பிறகு அவளைப் பார்த்தார். கஜந்தினி, அந்த ஆறாம் நாளை அவரே எடுக்கட்டும் என்றாள். அவளாகவே சொன்னாள். மோதகம் மட்டும் தான் அவிப்பதில்லை என்றாள்.

அவள் கொடுத்தால் மட்டும் போதாது. பிரிந்துபோன மருமகனுக்குப் பரிவட்டம் கட்டக் கோயிலார் ஒத்துக்கொள்ள வேண்டும். சிவக்கொழுந்து அன்று பின்னேரமே கேதீஸ்வரனின் மோட்டர் சைக்கிளில் ஏறி நாகலிங்கத்தார் வீட்டுக்குப் போனார். கஜந்தினியின் தாயும் அங்கே இருந்தார். அழுதார், மகளை ஏசினார், பிறகு மில்லை ஏசினார். நாகலிங்கத்தார் தேசவழமைச் சட்டத்திலிருந்து தொடங்கி ஆகமம் வரைக்கும் போனார். கஜந்தினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சிவக்கொழுந்து தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். லோஜன் நிற்கவில்லையென்றால் இந்த வருஷம் யார் நிற்பது? நாகலிங்கத்தார் தாய் வழி, அவர் நிற்க ஏலாது; தகப்பன் வழியில் மிஞ்சிய ஒரே ஆண் கனடாவில். தாய் கைம்பெண், அவரை நிற்கவிட ஊர் சம்மதிக்காது என்று நாகலிங்கத்தாரே சொன்னார். ஆள் இல்லாத உபயத்தைக் கோயில் வேறு குடும்பத்துக்குக் கொடுக்கும். அந்த வரிசையில் முதலாவதாக இருபது வருஷமாகக் காத்திருப்பது மேற்குத் தெருக்காரர். அவர்களுக்கும் நாகலிங்கத்தாருக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது எண்பதாம் ஆண்டில்.

நாகலிங்கத்தார் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். அவன் எங்கள் குடும்பத்தின் பேரால்தான் நிற்கவேண்டும் என்றார்.

ஐயரைக் கேட்டபோது அவருக்கு இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. உபயகாரரில் பாதிப் பேருக்கு மனுசிமார் வெளிநாட்டில், தனியாகத்தான் நிற்கிறார்கள், பிள்ளையாரும் கலியாணம் கட்டாத ஆள்தானே என்று சொல்லிவிட்டு, தட்சணையைப் பற்றி மட்டும் ஒன்றும் மாற வேண்டாம் என்றார்.

கொடியேற இரண்டு நாளிருக்க, அடுத்த ஞாயிறு, அதே சின்னக் கதிரைகளில் கையெழுத்து வைத்தார்கள். ஒப்பந்தத்தில், ஆறாம் திருவிழாவைக் கஜந்தினி குடும்பத்தின் சார்பில் லோஜன் தன் காலம் வரைக்கும் செய்வது என்று ஒரு வரி இருந்தது. மோதகம் அவிப்பது கஜந்தினியின் பொறுப்பல்ல என்று இன்னொரு வரி. அரசாங்கப் படிவத்தில் மோதகத்தை எப்படி எழுதுவது என்று மார்க்கண்டர் பேனையை வைத்துவிட்டார். சிவக்கொழுந்து அந்தப் பேனையை எடுத்துத் தானே எழுதினார். கஜந்தினி தன் பெயரை நிதானமாக எழுதி, பிழையில்லையா என்று ஒருமுறை வாசித்தாள். பிறகு வீட்டுக்குப் போனாள். விறாந்தை வெறுமையாக இருந்தது. வருகிறவர்கள் இருக்க இனிக் கதிரை வாங்கவேண்டும்.

ஆறாம் திருவிழாவுக்கு அவள் போனாள். போகாவிட்டால் அதையும் கதைப்பார்கள். சாதாரணச் சேலை கட்டி, தேர்முட்டிக்குப் பக்கத்தில் சனத்தோடு சனமாக நின்றாள். ஒலிபெருக்கியில் லோஜனின் குரல், காணாமற்போன செருப்பு ஒன்றைப் பற்றி அறிவித்தது. மோதகம் கடையில் சொல்லி வந்தது, கொஞ்சம் கல்லாக இருந்தது. நாதஸ்வரம் முழங்க, எலி வாகனத்தில் பிள்ளையார் வாசலைத் தாண்டி வெளியே வந்தார். அவள் நினைத்திருந்ததைவிடச் சின்ன ஆளாக இருந்தார். முன்னால் பரிவட்டத்தோடு லோஜன். சனம் விலகி வழிவிட்டது. ஜெனரேட்டரை யாரோ வேறு ஆள் பார்த்துக்கொண்டான் போல. அவள் கும்பிட்டாள். அவனுக்காகவா தனக்காகவா என்று யோசிக்கவில்லை.

பக்கத்தில் சிவக்கொழுந்து வந்து நின்றார். தாய் எப்படி என்று கேட்டார். கதைக்கிறா, ஆனால் ஏசி ஏசித்தான் என்றாள் கஜந்தினி. அது பரவாயில்லை என்றார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, அவளுடைய கையைப் பிடித்து மடப்பள்ளிச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார். அவர் குரலைத் தாழ்த்திக் கதைத்து கஜந்தினி கேட்டது அன்றைக்குத்தான்.

"வாற கிழமை உடுவிலிலையிருந்து ஒரு சோடி வருகுது. ரெண்டு பேரின்ரை தாய்மாரும் கூட வருவினம். நான் பிரிச்சு விடுறவள் எண்டு கேள்விப்பட்டால் தாய்மார் படலையைத் தாண்ட விடாயினம். சேத்து வைக்கிறவள் எண்டால்தான் கொண்டுவந்து விடுவினம். உன்ரை தாயையும் நான் அப்பிடிச் சொல்லித்தான் முதல் ஞாயிறு உன்னை விடப் பண்ணினனான், அது உனக்குத் தெரியாது." இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தார். "அதாலை பிள்ளை, ஆராவது உன்னட்டைக் கேட்டால், மில் சிவக்கொழுந்து எங்களைச் சேத்து வைக்கத்தான் படாத பாடு பட்டவ, நாங்கள்தான் கேக்கேல்லை எண்டு சொல்லிவிடு."